ரெட்டைப் பிள்ளை யார் வழியில் வரும்?

கேள்வி:

வணக்கம் டொக்டர். எனக்கு வயது 25. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். சொந்த அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். முதல் பிள்ளை, இப்போது பத்து வாரம். என் அப்பாயி 1974 இல், பஞ்ச காலத்தில், லயத்திலேயே ரெட்டைப் பிள்ளை பெற்றவர். ஒன்று ஆண், ஒன்று பெண். ஆண் பிள்ளை மூன்றாம் நாள் போய்விட்டது. தப்பிய பெண் பிள்ளைதான் என் அத்தை, இப்போது மாமியார். இரண்டு வருடத்துக்கு முன் என் மதினிக்கு, அதாவது கணவரின் அக்காவுக்கு, ரெட்டை ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி. “ரெட்டை நம்ம பரம்பரையில ஓடுது, இவளுக்கும் அதுதான்” என்று அத்தை லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கும் வயிறு பெரிதாகத்தான் தெரிகிறது. சின்ன வயதில் ஒட்டு வாழைப்பழம் தின்றேன், அதனால்தான் என்றும் சொல்கிறார்கள். இது நிஜமாகவே பரம்பரையா? ஆண் வழியா, பெண் வழியா? அப்பாயிக்கு நடந்ததை நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்து உங்கள் குடும்பத்தை வரைந்து பார்த்தேன். மேலே அப்பாயி. அவருக்குக் கீழே இரண்டு கிளை. ஒன்றில் உங்கள் அப்பா, மற்றதில் அத்தை. அப்பாவுக்குக் கீழே நீங்கள். அத்தைக்குக் கீழே உங்கள் கணவரும் மதினியும். கடைசியில் உங்களையும் கணவரையும் சேர்த்து ஒரு கோடு போட வேண்டியிருந்தது. கிளினிக்கில் நாங்கள் “புருஷன் பக்கமா, உங்கள் பக்கமா?” என்று கேட்போம். உங்களைப் போன்றவர்கள் முழிப்பார்கள். முழிக்காமல் என்ன செய்வது? இரண்டு பக்கமும் ஒரே வீடு.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். ரெட்டைப் பிள்ளைகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை குடும்பத்தில் ஓடும். மற்றது ஓடாது. அத்தை சாட்சிக்கு இழுக்கும் மதினியின் பிள்ளைகள் அநேகமாக ஓடாத வகை. அப்பாயி பெற்றது சந்தேகமில்லாமல் ஓடும் வகை. அது உங்களுக்கு வருவதாக இருந்தாலும் உங்கள் கணவர் வழியாக வராது. உங்கள் அப்பா வழியாகத்தான் வரும்.

எப்படி என்று கேட்பீர்கள். ஒரு பெண்ணுக்கு மாதத்துக்கு ஒரு முட்டைதான் முதிர்ந்து வெளியே வரும். எப்போதாவது ஒரு மாதத்தில் இரண்டு வரும். இரண்டிலும் தனித்தனி விந்தணு சேர்ந்தால் இரண்டு கரு. ஒரே நேரத்தில் ஒரே வயிற்றில் வளர்ந்தாலும், அவர்கள் சாதாரண அண்ணன் தங்கை மாதிரிதான். ஆணும் ஆணுமாகப் பிறக்கலாம், பெண்ணும் பெண்ணுமாகப் பிறக்கலாம், ஒன்று ஆண் ஒன்று பெண்ணாகவும் பிறக்கலாம். ஒருவர் கறுப்பு, ஒருவர் மாநிறம் என்றும் இருக்கலாம். இது இருகரு இரட்டை. உங்கள் அத்தையும் மூன்றாம் நாள் போன அவருடைய அண்ணனோ தம்பியோ, அந்தப் பிள்ளையும் இப்படிப்பட்டவர்கள். ஆணும் பெண்ணுமாக இருந்ததே போதும், வேறு பரிசோதனை வேண்டாம்.

மற்ற வகையில் முட்டை ஒன்றுதான், விந்தணுவும் ஒன்றுதான். கரு உண்டான சில நாட்களில் அது இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டுக்கும் பரம்பரை அலகுகள், அதாவது மரபணுக்கள், ஒன்றே. அதனால் பெற்ற தாயே சில நேரம் மாற்றிக் கூப்பிடுவார். இது ஒருகரு இரட்டை. ஏன் பிரிகிறது என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் தெளிவான விடை கிடையாது. ஆனால் ஒன்று தெரியும். உலகத்தில் எந்த நாட்டை எடுத்தாலும், எந்த இனத்தை எடுத்தாலும், ஆயிரம் பிரசவத்துக்கு ஏறக்குறைய நான்கு என்ற அளவில்தான் இது நடக்கிறது. தாயின் வயது, உயரம், சாப்பாடு, குலம், கோத்திரம் எதுவும் இதைப் பெரிதாக அசைப்பதில்லை. மிக அபூர்வமான ஒன்றிரண்டு குடும்பங்களை விட்டுவிட்டால், இது பரம்பரையில் ஓடுவதில்லை. மதினிக்கு நடந்தது இதுவாக இருந்தால், அது உங்களுக்கு நடக்கும் வாய்ப்பும் அடுத்த லயத்தில் இருக்கும் யாருக்கோ நடக்கும் வாய்ப்பும் ஒன்றுதான்.

ஓடும் வகைக்கு வருவோம். முட்டையை முதிர வைக்க மூளையின் அடியில் இருக்கும் ஒரு சிறு சுரப்பி ஓமோன் ஒன்றை அனுப்புகிறது. அதை எஃப்.எஸ்.எச். என்று சுருக்கிச் சொல்வோம். சில பெண்களுக்கு அது இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கும். வேறு சிலருக்குச் சூலகம் அந்த ஓமோனுக்குக் கொஞ்சம் வேகமாக அசைந்து கொடுக்கும். இரண்டிலும் முடிவு ஒன்றுதான், ஒரு முட்டைக்குப் பதில் சில மாதங்களில் இரண்டு வெளிவரும். இந்த இரண்டு குணங்களுக்கும் தொடர்பான பரம்பரை அலகுகளை 2016 இல் ஒரு பன்னாட்டு ஆய்வுக்குழு, இருகரு இரட்டையரைப் பெற்ற தாய்மாரை ஆராய்ந்து அடையாளம் கண்டது. எஃப்.எஸ்.எச்.பி., ஸ்மாட்3 என்று அவற்றுக்குப் பெயர். இன்னும் பல இருக்க வேண்டும், ஒன்றிரண்டு அலகுகளோடு முடிகிற கதை இல்லை இது.

இப்போது ஆண் வழியா, பெண் வழியா என்ற கேள்வி. இரண்டு முட்டை விடுவது பெண்ணின் சூலகம். ஆணுக்கு அங்கே வேலை கிடையாது. அவர் பங்குக்கு விந்தணு ஒவ்வொரு தடவையும் கோடிக்கணக்கில்தான் போகிறது, இரண்டு முட்டை இருந்தால் இரண்டும் சேரும், ஒன்று இருந்தால் ஒன்று சேரும். ஆகவே உங்கள் கணவரின் உடம்பில் அப்பாயியின் அந்தக் குணம் இருந்தாலும், இந்த வயிற்றில் அது எதையும் செய்யாது. உங்கள் சூலகத்தை அவருடைய பரம்பரை அலகு எப்படி ஆட்டி வைக்கும்?

ஆனால் ஆண் அதைச் சுமந்து போவார். இதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். அப்பாயியிடமிருந்து உங்கள் அப்பாவுக்கு அது வந்திருக்கலாம். ஆண் என்பதால் அவரிடம் அது வெளியே தெரியாது, பேசாமல் இருக்கும். அவரிடமிருந்து மகளுக்கு, அதாவது உங்களுக்கு, வந்தால் அங்கே வாயைத் திறக்கும். “ரெட்டை ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும்” என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். தலைமுறையைத் தாண்டிக் குதிக்கும் சட்டம் எதுவும் கிடையாது. நடுவில் ஓர் ஆண் இருந்திருப்பார், அவ்வளவுதான். நடுவில் பெண் இருந்தாலும் அவருக்கு அந்தக் குணம் வராமலே போகலாம், அல்லது வந்தும் ஒற்றைப் பிள்ளைகளாகவே பெற்றிருக்கலாம். உங்கள் அத்தையே ரெட்டையில் ஒருவர், ஆனால் அவருக்கு ரெட்டை பிறக்கவில்லையே.

கணக்கைப் பார்ப்போம். ஒரு பரம்பரை அலகு தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது மாதிரி, பாதிக்குப் பாதி. அப்பாயியிடமிருந்து உங்கள் அப்பாவுக்கு ஒரு சுண்டல், அப்பாவிடமிருந்து உங்களுக்கு இன்னொரு சுண்டல். இரண்டும் உங்கள் பக்கம் விழ நான்கில் ஒரு வாய்ப்பு. விழுந்தாலும் ரெட்டை நிச்சயம் என்று ஆகாது, வாய்ப்புக் கொஞ்சம் கூடும், அவ்வளவே.

எவ்வளவு கூடும்? சொந்தத் தாயோ கூடப் பிறந்த சகோதரியோ இருகரு இரட்டை பெற்றிருந்தால், ஒரு பெண்ணுக்கு அது நடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது பொதுவான கணக்கு. பாட்டி என்றால் அதைவிடக் குறைவு. சரி, இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல் இயல்பாகக் கருத்தரித்தவர்களில், தெற்காசியாவில் ஆயிரம் பிரசவத்துக்குப் பத்துக்கும் குறைவாகத்தான் ரெட்டை பிறக்கிறது. கணக்குக்காக ஒருகரு நான்கு, இருகரு நான்கு என்று வைப்போம். இருகருவை இரட்டிப்பாக்கினால் எட்டு, அதோடு நான்கு, மொத்தம் பன்னிரண்டு. அதாவது உங்களைப் போல ஆயிரம் பேர் வரிசையில் நின்றாலும் 988 பேர் ஒற்றைப் பிள்ளையோடுதான் வீட்டுக்குப் போவார்கள். “இரண்டு மடங்கு” என்று கேட்கும்போது நெஞ்சு திக்கென்கிறது, எண்ணிப் பார்த்தால் இவ்வளவுதான்.

பரம்பரையில் ஓடுகிறது என்று குடும்பங்கள் நம்புவதற்கு இன்னொரு காரணம், ரெட்டை பிறந்தால் யாரும் மறப்பதில்லை. மலைநாட்டு வைத்தியசாலையொன்றில் நான் இளம் வைத்தியராக இருந்த காலத்தில் ஒரு பாட்டி, பேத்தியின் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டு, தங்கள் குடும்பத்தில் ஏழு ரெட்டை என்று அடித்துச் சொன்னார். எனக்கும் ஆர்வம். இரவு வேலை முடிந்து விடிய விடிய அவரோடு உட்கார்ந்து பெயர் பெயராக எழுதினேன். இரண்டு சோடி உண்மையான ரெட்டை. இன்னும் இரண்டு சோடி, பதினொரு மாத இடைவெளியில் பிறந்து ஒன்றாக வளர்ந்த அண்ணன் தம்பிகள். ஒரு சோடி, ஒரே வாரத்தில் பிறந்த சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள். மற்ற இரண்டு சோடி பக்கத்து லயம்! பாட்டி பொய் சொல்லவில்லை. ஒரே பிள்ளைக் காம்பராவில் ஒரே ஏணையில் ஆடிய எல்லோரும் அவர் கணக்கில் ரெட்டைதான். நம் தமிழில் இரட்டைப் புலவர்கள் என்று பெயர் வாங்கிய இருவரும் இரட்டையர் இல்லை, அத்தை மகனும் அம்மான் மகனும் என்றுதானே சொல்கிறார்கள்.

பரம்பரையை விட ரெட்டையைக் கூட்டும் விஷயங்கள் வேறு உண்டு. தாயின் வயது ஒன்று. முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு அந்த எஃப்.எஸ்.எச். கூடுவதால் இரண்டு முட்டை வெளிவரும் வாய்ப்பும் கூடும். ஏற்கெனவே பல பிள்ளைகள் பெற்றவர்களுக்கும், உயரமும் உடல் எடையும் கூடியவர்களுக்கும் அப்படியே. எல்லாவற்றையும் விடப் பெரியது பிள்ளைப்பேறுக்கான சிகிச்சை. முட்டை வளரக் கொடுக்கும் குளோமிபீன் போன்ற மாத்திரையால் கருத்தரித்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு ரெட்டை வரும். 1980களில் உலகத்தில் ஆயிரத்துக்கு ஒன்பதாக இருந்த ரெட்டைப் பிரசவம் இன்று பன்னிரண்டாகியிருப்பதற்கு இந்தச் சிகிச்சைகளும், பெண்கள் தாமதித்துப் பிள்ளை பெறுவதும்தான் முக்கியக் காரணம். நீங்கள் 25 வயது, முதல் பிள்ளை, மாத்திரை எதுவும் எடுத்ததாக எழுதவில்லை. ஆகவே இவை எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

இனத்துக்கு இனமும் மாறும். மேற்கு ஆபிரிக்காவில், நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் உலகிலேயே மிக அதிகம். அங்கே இக்போ ஓரா என்ற ஊரே ரெட்டையருக்குப் பெயர் போனது. அவர்கள் தின்னும் ஒருவகைக் கிழங்குதான் காரணம் என்று நெடுநாளாகப் பேச்சு உண்டு, நிரூபணம் ஆகவில்லை. நீங்கள் மரவள்ளிக்கிழங்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில் கொடிஞ்ஞி என்று ஒரு கிராமம். வட்ஸ்அப்பில் உங்களுக்கும் அந்த வீடியோ வந்திருக்கும். அங்கே நூற்றுக்கணக்கில் ரெட்டைச் சோடிகள். ஆராய்ச்சியாளர்கள் போய்த் தண்ணீரைப் பார்த்தார்கள், எச்சிலைப் பார்த்தார்கள், காரணம் இன்னும் பிடிபடவில்லை. நம் நாட்டில் அப்படியொரு ஊரை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ரெட்டையர்மேல் நமக்கும் பிரியம்தான். 2020 சனவரியில் உலக சாதனை படைக்கவென்று ஆயிரக்கணக்கான ரெட்டையர் கொழும்பு சுகததாச அரங்கில் கூடினார்கள். 1997 முதல் ரெட்டையருக்கென்று ஆராய்ச்சிப் பதிவேடு ஒன்றும் இலங்கையில் இருக்கிறது.

ஒட்டு வாழைப்பழத்துக்கு வருவோம். இந்தக் கதை நம்மிடம் எந்தக் காலத்திலிருந்து இருக்கிறதோ தெரியாது, என் அம்மாவும் என்னைத் தின்ன விடமாட்டார். ஒரே காம்பில் இரண்டு பழம் ஒட்டிக்கொள்வது வாழைப்பூவுக்குள் நடக்கும் சமாச்சாரம். அது உங்கள் வயிற்றுக்குள் போனதும் சாதாரணப் பழம்தான். ஆசைப்பட்டால் இப்போதும் சாப்பிடுங்கள். கர்ப்ப காலத்தில் மலச்சிக்கலுக்கு வாழைப்பழம் நல்லது, ஒட்டியிருந்தால் கூடக் கொஞ்சம் கிடைக்கும்.

பெரிதாகத் தெரியும் வயிறு? பத்து வாரத்தில் கருப்பை இன்னும் இடுப்பெலும்புக்குள்ளேதான் இருக்கும். பன்னிரண்டு வாரமளவில்தான் மேலே எட்டிப் பார்க்கும். இப்போது தெரிவது வாயுவும், மந்தமாகிவிட்ட குடலும், பத்துப் பேர் உங்கள் வயிற்றையே பார்ப்பதால் நீங்களும் பார்ப்பதும்தான். அப்படி நிஜமாகவே கூடுதலாக வளர்ந்திருந்தால், மாதவிடாய்த் திகதியை எண்ணியதில் பிழை இருக்கிறதா என்றுதான் நாங்கள் முதலில் பார்ப்போம். ரெட்டை என்றால் வாந்தி கூடுதலாக இருக்கும் என்பது ஓரளவு உண்மை. ஆனால் ஒற்றைப் பிள்ளைக்கே வாந்தியெடுத்து சேலைன் ஏற்றியவர்கள் எத்தனையோ பேர்.

இத்தனையும் எழுதியது நீங்கள் கேட்டதற்காக. உங்கள் விஷயத்தில் பரம்பரையை வைத்து ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்னும் ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு ஸ்கேன் பத்து நிமிடத்தில் சொல்லிவிடும். பதினொன்றுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட வாரங்களில் எடுப்பதுதான் நல்லது. பகுதி மருத்துவமாது ஏற்கெனவே உங்களைப் பதிந்து கர்ப்பிணிப் பதிவட்டை தந்திருப்பார். தராவிட்டால் நாளைக்கே போய்ப் பதியுங்கள். ஸ்கேனுக்கு எங்கே, என்றைக்கு வரச் சொல்வார்கள் என்பதையும் அவரிடமே கேளுங்கள். மஸ்கெலியாவிலிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலை கிட்டத்தான்.

அந்த வாரங்களை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு பிள்ளையா என்பது பிந்திய ஸ்கேனிலும் தெரிந்துவிடும். ஆனால் இரண்டுக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா, தனித்தனியா என்பது அந்த வாரங்களில்தான் தெளிவாகத் தெரியும். பிள்ளைகளுக்கு நடுவிலுள்ள சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பிறகு எல்லாம் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், கண்டுபிடிப்பது கஷ்டம். எங்களுக்கு ஒருகருவா இருகருவா என்பதைவிட இதுதான் முக்கியம். ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கு போடும் ரெட்டையரில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு, ஒரு பிள்ளையின் இரத்தம் மற்றதுக்கு அளவுக்கு மீறி ஓடத் தொடங்கும். ஒன்று வாடும், மற்றது திணறும். வெளியிலிருந்து தாய்க்கு இது தெரியாது. அதனால் நஞ்சுக்கொடி ஒன்றென்றால் பதினாறு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். தனித்தனி என்றால் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு நஞ்சுக்கொடி என்றால் இருகரு என்று தாதிமார்கூடச் சில நேரம் சொல்லிவிடுவார்கள். ஒருகரு ரெட்டையரிலும் மூன்றில் ஒரு பங்கினர் மிகச் சீக்கிரம் பிரிந்துவிடுவதால் தனித்தனி நஞ்சுக்கொடியோடு வருவார்கள். ஆனால் ஒரே நஞ்சுக்கொடி என்றால் அது ஒருகருதான் என்று எடுத்துக்கொள்ளலாம். மதினியிடம் பிரசவ அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். “ஒரு நஞ்சுக்கொடி” என்று இருந்தால் அத்தையின் பரம்பரை வாதத்தில் பாதி விழுந்துவிடும்.

ஸ்கேனில் இரண்டு தெரிந்தால்? பயப்படாதீர்கள் என்று சும்மா சொல்ல மாட்டேன். ஒற்றைப் பிள்ளையை விட ரெட்டைக்குக் கவனம் கூடுதலாக வேண்டும். இரத்தச்சோகை, உயர் இரத்த அழுத்தம், குறைமாதப் பிரசவம் மூன்றும் கூடுதல். பாதிக்கு மேற்பட்ட ரெட்டையர் 37 வாரத்துக்கு முன்பே வந்துவிடுவார்கள். ஆகவே இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு போடாதீர்கள், சாயத்தண்ணிக்கும் மாத்திரைக்கும் குறைந்தது ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். தேயிலை, இரும்பை உடம்பில் ஏற விடாது. தோட்டத்தில் இது எத்தனை பேரைக் கெடுத்திருக்கிறது என்று எங்களுக்குத்தான் தெரியும். கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமா உங்களுக்கு, வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுப்பதற்கு இல்லை. அத்தையிடமே இதைச் சொல்லலாம், என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிரசவம், குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கும் பிரிவு இருக்கும் வைத்தியசாலையில்தான் நடக்க வேண்டும். நுவரெலியாவா, கண்டியா, பேராதனையா என்பதை உங்கள் வைத்தியர் முன்கூட்டியே முடிவு செய்வார். உங்கள் கணக்குப்படி கடைசி வாரங்கள் சிவனொளிபாதமலை பருவ காலத்தில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போயா விடுமுறைக்கு நல்லதண்ணிப் பாதையில் பஸ்ஸும் வேனும் எப்படி முட்டிக்கொண்டு நிற்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டவுன் பக்கம் உறவினர் வீடு இருந்தால் அந்த நாட்களில் அங்கே போய் இருப்பது நல்லது. தண்ணீர் உடைந்தால், இரத்தம் பட்டால், தலையிடியோடு கண் மங்கினால், பிள்ளையின் அசைவு குறைந்தால், வயிறு இறுகி இறுகி விட்டால், லொறி தேடிக்கொண்டிருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். இது ஒற்றைப் பிள்ளைக்கும் பொருந்தும்.

அப்பாயிக்கு நடந்தது இனி.

1974 என்று எழுதியிருக்கிறீர்கள். 1973, 74 இரண்டு வருடமும் தோட்டங்களில் அரிசி, மாவு இல்லாமல் சனம் கிழங்கையும் கீரையையும் தின்று கிடந்த காலம். தோட்டப் பகுதிகளில் அப்போது பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரு வயதுக்கு முன்பே இறந்தார்கள். ஒற்றையாகப் பிறந்த பிள்ளைகளுக்கே இந்த நிலை. இன்று நாடு முழுவதற்குமான கணக்கு ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே. அப்பாயி காலத்தில் ஸ்கேன் கிடையாது. முதல் பிள்ளை வெளியே வந்த பிறகுதான் உள்ளே இன்னொன்று இருப்பதே தெரிந்திருக்கும். பட்டினி கிடந்த தாய், அநேகமாக மாதம் நிறையாத, கோழிக்குஞ்சு மாதிரிப் பிள்ளைகள், மஸ்கெலியாக் குளிர், தகரக் கூரை. இப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு முதல் எதிரி குளிர்தான். சூடு போனால் பால் குடிக்க மாட்டாது, பால் இறங்காவிட்டால் இரத்தத்தில் சீனி இறங்கும். இன்று அதே எடையில் ஒரு பிள்ளை பிறந்தால் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகக் கட்டி வைக்கிறோம், குழாயில் சொட்டுச் சொட்டாகத் தாய்ப்பால் கொடுக்கிறோம், மூச்சு விடச் சிரமப்பட்டால் அதற்கும் வழி இருக்கிறது. அந்த ஆண் பிள்ளை போனதற்கு ரெட்டை காரணம் என்று உங்கள் வீட்டில் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. பார்க்காமல் நான் சான்றிதழ் எழுத முடியாது, ஆனால் பசியும் குளிரும் என்றுதான் என் மனதுக்குப் படுகிறது. அவை பரம்பரையில் வருவதில்லை.

இன்னொன்று. அத்தை “ரெட்டை, ரெட்டை” என்று ஊரெல்லாம் சொல்வது உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். அவரும் ஒருவரோடு ஒன்றாக வயிற்றில் இருந்தவர். கூட இருந்தது போய் அவர் மட்டும் நின்றவர். ஐம்பது வருடமாக அந்த வீட்டில் யாராவது அதை அவரிடம் பேசியிருப்பார்களா? மதினிக்கு இரண்டும் உயிரோடு வீட்டுக்கு வந்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்கேனுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. ஒன்று என்று தெரிந்தால் முகம் கொஞ்சம் வாடும், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

பத்து வாரத்தில் இரண்டு தெரிந்து, பிறகு எடுக்கும் ஸ்கேனில் ஒன்று மட்டும் நிற்பதும் உண்டு. ஆரம்பத்தில் ரெட்டையாகத் தெரிவதில் கணிசமான பங்கு இப்படிக் கரைந்து போகிறது, மற்றப் பிள்ளை பெரும்பாலும் நன்றாகவே வளரும். அப்படி நடந்தால் யார் கண்ணும் பட்டதாக எண்ண வேண்டாம்.

அப்பாயி இன்னும் இருக்கிறார் என்றால் நேரம் பார்த்து ஒன்று கேளுங்கள். இறந்த பிள்ளையைப் பற்றி இல்லை, அதை அவராகச் சொன்னால் சொல்லட்டும். அவருடைய அம்மாவுக்கோ, கூடப் பிறந்த அக்கா தங்கச்சிகளுக்கோ, அவர்களின் மகள்களுக்கோ ரெட்டை பிறந்ததா, பிறந்திருந்தால் ஆணும் பெண்ணுமா என்று கேட்டு, உங்கள் பதிவட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். உங்களுக்கு இப்போது பிறக்கப்போவது ஒரு பெண் பிள்ளையாக இருந்தால், அவளுக்கு அப்பாயியின் அந்தக் குணம் உங்கள் வழியாகவும் வரலாம், உங்கள் கணவர் வழியாகவும் வரலாம். இன்னும் இருபத்தைந்து வருடம் கழித்து ஏதோவொரு கிளினிக்கில் அவளிடம் “அப்பா பக்கமா, அம்மா பக்கமா?” என்று கேட்பார்கள். அவள் முழிக்காமல் அந்தத் தாளை நீட்டட்டும்.